ரெண்டு கிலோபைட்டுக்குள்ள ஒரு டிஸ்அசெம்ப்ளர்

போன மாசம் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து, 6502 சிப்புக்கு ஒரு குட்டி டிஸ்அசெம்ப்ளர் எழுதினேன். மெமரியில இருக்கிற வெறும் எண்களை மறுபடி மனுஷன் படிக்கிற கட்டளைகளா மாத்துற நிரல். எனக்கு ஜிகாபைட் கணக்கில் ராம் இருக்கு, பெரிய சாதனையெல்லாம் இல்லை :-) ஆனா இதையே 1976-ல் எப்படிச் செஞ்சாங்கன்னு பார்த்தா, அங்கதான் இருக்கு விஷயம்.

6502 வெளிவந்தது 1975-ல். விலை 25 டாலர். அதை வைத்து ஸ்டீவ் வாஸ்னியாக் ஆப்பிள் கணினியைக் கட்டினார். நண்பர் ஆலன் பாமோடு சேர்ந்து அவர் எழுதிய டிஸ்அசெம்ப்ளர் 1976 செப்டம்பரில் 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்' இதழில் அச்சானது. 1977-ல் வந்த ஆப்பிள் 2-வின் மானிட்டர் ரோமிலும் அது ஏறியது. அந்த ரோம் மொத்தமே 2048 பைட். திரை, கீபோர்டு, கேசட் வேலையெல்லாம் அதுக்குள்ளயேதான்!

வேலை என்னன்னு ஒரு உதாரணம். மெமரியில் 20 00 03 என்று (பதினாறடிமானத்தில்) இருக்கு. 20 என்றால் 'சப்ரொட்டீனுக்குப் போ'. அடுத்த ரெண்டு பைட் முகவரி, கடைசிப் பாதி முன்னால வரும். ஆக, 0300-க்குப் போ. இதையே ஒரு பைட் தள்ளி ஆரம்பிச்சா? 00 என்பது 'நிறுத்து' ஆயிடும், 03-க்கு அர்த்தமே கிடையாது. எங்கே தொடங்கணும்னு எண்கள் சொல்லாது, படிக்கிறவருக்குத்தான் தெரியணும்.

256 எண்களில் 151-க்குத்தான் அர்த்தம் உண்டு. கட்டளைப் பெயர்கள் 56, எல்லாமே மூணெழுத்து. அப்படியே வைத்தால் 168 பைட். வாஸ்னியாக் ஒரு எழுத்துக்கு 5 பிட் போதும்னு கணக்குப் போட்டு, மூணெழுத்தை ரெண்டு பைட்டுக்குள் மடக்கினார். 56 பெயர்களுக்கு 112 பைட் போதும்னு ஆகுது. முகவரி முறைகளையும் அட்டவணையில் நாலு நாலு பிட்டாக அடைத்தார்கள். கஞ்சத்தனத்திலும் ஒரு அழகு!

எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்தது. வாஸ்னியாக் தன் பேசிக் மொழியை அசெம்ப்ளர் இல்லாமல், தாளில் எழுதிக் கையாலேயே எண்களாக மாற்றியவர். ஆப்பிள் 2-வில் அவர் வைத்த மினி அசெம்ப்ளர் என்ன பண்ணுது தெரியுமா? நாம் தட்டிய கட்டளைக்கு எண் தேட, ஒவ்வொரு எண்ணா டிஸ்அசெம்ப்ளரிடம் கொடுத்து, "இதுவா? இதுவா?"ன்னு பொருந்தும்வரை கேட்குது. படிக்கத் தெரிந்த நிரலை வைத்தே எழுதவும் வைத்துவிட்டார்!

1978-ல் வந்த கையேட்டில் மானிட்டரின் முழு நிரலும் அச்சிடப்பட்டிருந்தது. முகவரியோடு 'எல்' தட்டினால் இருபது வரி திரையில் வரும். காசு கொடுத்து வாங்கியவனுக்குத் தன் பெட்டிக்குள் என்ன ஓடுதுன்னு பார்க்கும் உரிமை, பெட்டியோடவே வந்தது. இன்னைக்கு நம்ம பையில் இருக்கிற போனில் அப்படி ஒரு 'எல்' எங்கே இருக்கு, சொல்லுங்க?