பாட்டியின் கண் இமையில் ஒரு வரலாறு

கண்ணுல முடி குத்துதுன்னு உங்க பாட்டி இமை முடியைப் பிடுங்குறாங்களா? திருப்பாதிரிப்புலியூர்ல இருந்தாலும் சரி, எங்க இருந்தாலும் சரி, இதைப் படிங்க.

சின்ன வயசுல வந்த டிரக்கோமா காரணமா இருக்கலாம். கிளாமிடியா என்ற பாக்டீரியா திரும்பத் திரும்பத் தொற்றினால் இமையின் உள்பக்கம் தழும்பாகும். தழும்பு சுருங்கும்போது முடி உள்ளே திரும்பிக் கருவிழியை உரசும். கடைசியில் பார்வை போகும்.

எகிப்துப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களிடம் இந்த நோய் பரவியதால்தான் லண்டனில் 1805-ல் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை தொடங்கியது. அதைப் பார்த்து 1819-ல் சென்னையில் ஒன்று வந்தது. அதுதான் இன்றைய எழும்பூர் கண் ஆஸ்பத்திரி.

1907-ல் ஜாவாவில் ஹால்பர்ஸ்டாட்டரும் ப்ரோவாசெக்கும் இந்தக் கிருமியைச் செல்லுக்குள் பார்த்தார்கள். ஒராங்குட்டான் கண்ணிலும் தொற்றவைத்தார்கள். செல்லுக்குள்ளேயே வாழ்வதால் பல வருஷம் இதை வைரஸ்னே நினைச்சாங்க.

1963-ல் இந்தியா தேசியத் திட்டம் தொடங்கியது. கண் களிம்பு, நல்ல தண்ணீர், முகம் கழுவும் பழக்கம் எல்லாம் சேர்ந்து நோயை விரட்டின. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியா டிரக்கோமாவை ஒழித்துவிட்டதாக 2024 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஆனா கிருமி போனாலும் பழைய தழும்பு போகாது. பாட்டியை அரசு ஆஸ்பத்திரி கண் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க. சின்ன ஆபரேஷன்தான். இருக்கிற பார்வையைக் காப்பாத்தலாம்.