குண்டு போன தூரம்

செஞ்சியில் ராஜகிரி ஏறுகிறவர்கள் தேசிங்கு ராஜனைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போவார்கள். எனக்கோ அங்கே இன்னொரு ராஜாவின் ஞாபகம் வந்தது. சிவாஜியின் இளைய மகன் ராஜாராமைச் சொல்கிறேன்.

1690-ல் ஔரங்கசீப்பின் சேனை செஞ்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. ராஜாராமுக்குப் பணமுடை. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையைச் சென்னைக் கவர்னர் எலிஹு யேலுக்கு விற்றார். அதிலே ஒரு விசித்திரமான நிபந்தனை: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நிலமும் வாங்கியவர்களுக்கு! வியாபாரிகளாயிற்றே, குண்டைக் கிட்டத்தில் விழவிடுவார்களா? எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் விழுந்தது. அங்கே குடியிருந்தவர்களைக் கேட்பானேன்?

சுமார் 140 வருஷம் கழித்து அதே தென்னாற்காட்டில் இன்னொரு பேரம் நடந்தது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற துரை, கம்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டு, 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பு உலை வைத்தார். சேலத்துத் தாது படகேறி வந்தது. கம்பெனியார் கடன் கொடுத்தார்கள்; சலுகை கொடுத்தார்கள்; புறம்போக்குக் காடுகளில் விறகு வெட்டிக்கொள்ளவும் உரிமை கொடுத்தார்கள். அந்த உலை எரித்தது நிலக்கரியை அல்ல, மரக்கரியை. இந்தக் காலத்துப் பாஷையில் சொன்னால் பசுமை எரிபொருள்.

மரக்கரி லேசில் கிடைக்கிற சரக்கல்ல. ஒரு டன் கரிக்கு நாலைந்து டன் விறகை மூட்டம் போட வேண்டும். கோடரி போன தூரமெல்லாம் காடு போயிற்று. வெட்டிய இடத்தில் நட வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆடு மேய்த்தவனும், கலப்பைக்குக் கொம்பு வெட்டியவனும், ஊருலையில் இரும்பு உருக்கியவனும் அதே காட்டை நம்பியிருந்தவர்கள்தான். ஆனால் சர்க்கார் கணக்கில் அது தரிசு. கரி வரவரத் தொலைவிலிருந்து வந்தது, விலை ஏறிற்று. சீமையின் நிலக்கரி இரும்போ மலிவு. 1860-களில் உலை அணைந்தது. (ஹீத் ஷெப்பீல்டில் காப்புரிமை வழக்காடி நொந்து 1851-லேயே ஏழையாக இறந்துபோனார். அது தனிக்கதை.)

காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஞானம் இதற்குள் சர்க்காருக்கு வந்துவிட்டது. 1856-ல் கிளெக்ஹார்ன் துரை வனப் பாதுகாவலரானார். 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. மரத்தை விழுங்கியது உலையும் ரயிலும். தடுத்து நிறுத்தப்பட்டவன் ஆட்டுக்காரன்!

இன்று பிரேசில் தேசத்தில் தைலமரத் தோப்பு வளர்த்து, அதன் கரியில் இரும்பு உருக்குகிறார்கள். நட்டு வெட்டுகிறார்கள் என்பது ஹீத் காலத்துக்கு இப்பால் ஒரு முன்னேற்றம். நம் பக்கம் சூரிய ஒளியில் மின்சாரம். 2016-ல் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் எழுந்தது. இவையெல்லாம் வேண்டும் என்கிற கட்சிதான் நானும். ஆனால் நாளைக்கு எந்த ஊர்க் கணக்கிலாவது ‘தரிசு’ என்று எழுதியிருந்தால், கையெழுத்துப் போடுமுன் அதிகாரி ஒருவர் மாட்டுக்காரப் பையன்கள் மந்தையோடு திரும்பும் சாயங்கால வேளையில் அங்கே போய் நின்று பார்க்கட்டும்.