தென்னங்காணிக் கடனும் முகவர் முறையும்

இலங்கையின் மதுரங்குளி வட்டாரத்தில் தென்னை நட்டவர் முதல் காய் பறிக்க ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் இரண்டு மாதத்துக்கு ஒரு பறிப்புதான். கொப்பரை விலை இறங்கினால் அந்த வருமானமும் கைக்கும் வாய்க்கும் போதாது. அதனால் புத்தளம், சிலாபம், குருநாகல் பகுதிகளில் தென்னை பரவிய கையோடு கடனும் பரவியது. கொழும்பிலிருந்த பிரித்தானிய வங்கிகள் பெருந்தோட்டங்களையும் ஏற்றுமதிக் கம்பனிகளையுமே கவனித்தன. உள்ளூர்க் காணிக்காரருக்கும் அந்த வங்கிகளுக்கும் நடுவில் நின்றவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். கொழும்புச் செட்டியார் தெருவில் கிட்டங்கி எனும் கடைமனை வைத்து, வங்கியில் வாங்கிய பணத்தோடு சொந்த முதலையும் சேர்த்து, காணி ஈட்டின் பேரிலும் புரோநோட்டின் பேரிலும் கடன் கொடுத்தார்கள்.

முதலாளி பெரும்பாலும் தமிழகத்துச் செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்துபவர் அவருடைய முகவரான மேலாள். பொதுவாக மூன்று ஆண்டுத் தவணைக்கு அவரை அனுப்புவார்கள். புறப்படும் முன் சம்பளச்சீட்டு எழுதப்படும். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் குடும்பத்துக்குக் கிடைக்கும். இலாபத்தில் அவருக்கும் பங்கு உண்டு. கடன் கொடுக்கவும் வழக்காடவும் அவருக்கு அதிகாரப் பத்திரம் தரப்பட்டது. அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். பதின்வயதில் வந்து சேரும் பையன் கூட்டிப் பெருக்குவதிலிருந்து தொடங்கி, மனக்கணக்காக வட்டி போடுவது வரை படிப்படியாகக் கற்றுக்கொள்வான்.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி கணக்கெழுத்து. அன்றைய கொடுக்கல் வாங்கல் அன்றே நாட்குறிப்பில் ஏறும். அங்கிருந்து ஒவ்வொருவர் பெயரிலும் பேரேட்டுக்குப் போகும். காலக்கெடுவில் ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்பப்படும். தவணை முடிந்ததும் புதிய மேலாள் வருவார். பழையவர் பேரேட்டையும் ஈட்டுப் பத்திரங்களையும் வராக்கடன் விவரத்தையும் ஒப்புவித்துவிட்டே கப்பலேறுவார். கடல் கடந்து கிடக்கும் பணத்தை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு முதலாளி நிம்மதியாக இருக்க முடிந்ததற்கு உறவும் சாதிக் கட்டும் உதவின என்பது உண்மை. ஆனாலும் எழுதிவைத்த வரம்பும், தவறாமல் போய்ச்சேர்ந்த கணக்கும் அவற்றைவிடக் குறைந்தவையல்ல.

1926இல் ரயில் பாதை புத்தளத்தை எட்டியது. மதுரங்குளிக் கொப்பரைக்குக் கொழும்புச் சந்தை கிட்டவந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே கடன் சங்கிலியின் மேல்முனை ஆட்டம் கண்டிருந்தது. 1925இல் செட்டியார் கடைகள் சில முறிய, வங்கிகள் கையை இழுத்துக்கொண்டன. 1929க்குப் பிந்தைய உலகப் பொருளாதாரச் சரிவில் தேங்காய் விலை வீழ்ந்தது. வட்டிகூடக் கட்ட முடியாத காணிகள் பல, கடன் கொடுத்தவர் கைக்கே போயின. செட்டியார் மீதான கசப்பு இந்தக் காலத்தில்தான் முற்றியது. அதில் நியாயம் இருந்தது; ஆனால் கடன் கொடுத்தவரும் வேறெங்கோ கடன்பட்டிருந்தார் என்பதை அன்றைய பேச்சு அதிகம் கணக்கில் எடுக்கவில்லை. 1934இல் சர் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையிலான வங்கி ஆணைக்குழு, அரசின் துணையோடு உள்நாட்டு வங்கி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. 1961இல் மக்கள் வங்கி.

இவற்றோடு, கடன்காரரை முகம் பார்த்து மதிப்பிட்ட மேலாளின் இடத்தைப் படிவமும் கோப்பும் பிடித்தன. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கடன் தகவல் பணியகம், ஒருவர் பல வங்கிகளில் பட்ட கடனை ஒரே அறிக்கையில் காட்டத் தொடங்கியது. ஒரு கிட்டங்கியின் பேரேட்டுக்குள் அடைந்திருந்த விவரம் இப்போது எல்லா வங்கிகளுக்கும் பொதுவானது.

மேலாள் அன்று செய்த கணக்கெழுத்து போன்ற வேலையின் ஒரு பகுதி இன்று நிதி ஆலோசனை நிறுவனங்களில் செயற்கை நுண்ணறிவு முகவர்களிடம் போய்க்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் மோர்கன் ஸ்டான்லி 2023இல் ஓபன்ஏஐ நிறுவனத்தின் மொழி மாதிரியைக் கொண்டு, ஆய்வறிக்கைகளைத் துழாவிப் பதில் தரும் உதவியாளரைத் தன் ஆலோசகர்களுக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டு, வாடிக்கையாளர் சந்திப்பைக் குறிப்பெடுத்து, அனுப்பவேண்டிய கடிதத்தின் வரைவையும் ஆக்கும் கருவி வந்தது. அனுப்புவதற்கு முன் வரைவைத் திருத்துபவர் ஆலோசகரே. முகவர் மென்பொருள் இன்னும் ஓரடி மேலே போகிறது: கோப்புகளைத் திரட்டும், விடுபட்ட பத்திரத்தைக் கேட்டு எழுதும், படிவத்தை நிரப்பும், அடுத்த வேலை என்னவென்று தானே முடிவுசெய்து நகரும். இல்லாத தகவலை இருப்பதுபோல எழுதிவிடும் குறை அதற்கு உண்டு. அதனால் எந்தக் கோப்பைத் திறக்கலாம், எதற்கு மனிதர் ஒப்புதல் வேண்டும் என்று நிறுவனம் முன்கூட்டியே வரையறுக்கிறது. முகவர் செய்த ஒவ்வொன்றும் பின்னர் சரிபார்க்கும்படி பதிவாக வேண்டும். அன்று அதிகாரப் பத்திரமும் நாட்குறிப்பும் செய்த வேலை இதுவே.

ஒரு வேறுபாடு பெரிது. மேலாள் தவறு செய்தால் அவருடைய பங்கும் பெயரும் போகும். மென்பொருளுக்கு இழக்க எதுவும் இல்லை, பொறுப்பு முழுவதும் அதை ஏவிய நிறுவனத்தின் தலையில்தான். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த இடத்தைத் தொடுகிறது: தன்னியக்கச் செயலாக்கத்தை மட்டும் கொண்டு எடுக்கப்பட்ட முடிவை மீளாய்வு செய்யும்படி, பாதிக்கப்பட்டவர் கேட்கும் உரிமை அதில் எழுதப்பட்டிருக்கிறது.