உண்டியல் காசில் ஒரு வைத்தியம்

குமுளியில் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் கேரளா, இந்தப் பக்கம் நம்ம தேனி மாவட்டம். அந்தப் பக்கம் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீட்டுக்கு பஞ்சாயத்து நர்ஸ் போய் சிறுநீர்க் குழாய் மாற்றுவார், புண்ணுக்கு மருந்து கட்டுவார். இது அரசாங்கம் தொடங்கிய வேலை இல்லை.

1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் கொடுத்தார்கள். சரி, வலி குறைந்தது. வீட்டில் அரிசிக்கு? பிள்ளைகளின் ஃபீஸுக்கு? எழுந்து நடக்க முடியாதவர் ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவார்? இதெல்லாம் டாக்டரால் ஆகிற காரியமா!

அதனால் 1999 வாக்கில் மலப்புறத்தில் ஊர்க்காரர்களையே இறக்கினார்கள். வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிகிறவர்களுக்கு 16 மணி நேர வகுப்பு, பிறகு நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி. புற்றுநோயோடு நிற்காமல் பக்கவாதம், முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள் என்று விரிந்தது.

வங்கிக்காரன் புத்தி, நான் முதலில் பார்ப்பது பணம் எங்கிருந்து வந்தது என்றுதான். பெரும்பகுதி சில்லறை! கடைகளில் உண்டியல் வைத்தார்கள். நம்மைப் போல வெளிநாட்டில் இருப்பவர்களும், குறிப்பாக வளைகுடாக்காரர்கள், அனுப்பினார்கள்.

2008-ல்தான் கேரள அரசு இதைக் கொள்கையாக அறிவித்து பஞ்சாயத்துகளின் பொறுப்பாக்கியது. மலப்புறத்து வழக்கம் இடுக்கி மலைக்கும் வந்தது அப்படித்தான்.

இந்தப் பக்கம், 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருவது சுய உதவிக் குழுப் பெண்கள். ஆட்கள் ஊர்க்காரர்கள், பணம் அரசாங்கத்துடையது. உண்டியல் மட்டும் இல்லை.