சும்மா கிட என்றார்கள்

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (சுருக்கமா எம்.எஸ்.) வந்தவங்களுக்கு "உடம்பை அலட்டிக்காதீங்க" என்பதுதான் டாக்டர்கள் ரொம்ப காலம் சொன்ன அறிவுரை. ஏன் அப்படி?

1868-ல் பாரிஸில் ஷார்கோ இந்த நோயைத் தெளிவாக விவரித்தார. மூளை, தண்டுவட நரம்புகளின் மயலின் உறை, ஒயர் மேல இருக்கிற இன்சுலேஷன் மாதிரி, சிதைந்துபோகும். தசையைத் தளரவிடும் கட்டளை சரியாகப் போய்ச் சேராது, கால் விறைத்துக்கொள்ளும். 1890-ல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்டாஃப், உடலை வருத்தினால் சிலருக்குப் பார்வை மங்குவதைக் கவனித்தார். உண்மையான காரணம் உடல் சூடு. சூடு தணிந்தால் பார்வை திரும்பிடும். ஆனா பழி விழுந்தது உடற்பயிற்சி மேல!

ஜிம்மி ஹூகா என்ற அமெரிக்கர் 1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் வெண்கலம் வென்றவர். 1970-ல் எம்.எஸ். என்று தெரிந்தது. அவருக்கும் அதே அறிவுரைதான். சும்மா இருந்ததில் உடம்பு இன்னும் மோசமானது. பிறகு தானே பயிற்சியை ஆரம்பித்தார். 1984-ல் கொலராடோவில் இதற்காகவே ஒரு மையமும் தொடங்கினார். 2010-ல் மறைந்தார்.

1996-ல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வு: 54 நோயாளிகள், 15 வாரம். வாரம் மூணு தடவை, 40 நிமிஷம் பயிற்சி செய்தவர்களுக்கு உடல் வலு கூடியது.

விறைத்த தசையை நீட்டி மடக்காமல் விட்டால் சுருங்கி, மூட்டே மடங்கி நின்றுவிடும். அதனால இன்று பேக்லோஃபன் போன்ற மாத்திரைகளோடு தசையை நீட்டும் பயிற்சியும் உண்டு; சூடு ஏறாமலிருக்க ஃபேன், குளிர்ந்த நீர்.

ஒரு பக் வந்ததுக்கு மொத்த புரோகிராமையும் நிறுத்தின கதைங்க இது. இழந்தது மட்டும் நிஜ மனுஷங்களோட கால்கள்.