மார்கழிக் குளிரும் ஒரு தைலப் புட்டியின் கதையும்

சென்னைக்குக் குளிர்காலம் உண்டா என்று கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில்கூட இங்கே வெப்பநிலை சாதாரணமாக 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். ஆனாலும் ஐப்பசியில் அடைமழை தொடங்கியதிலிருந்து தை பிறக்கும் வரை வீட்டுக்கு வீடு தும்மல், இருமல், மூக்கடைப்புதான். காலையில் பால் வாங்கப் போகும் பெரியவர்கள் காதில் மஃப்ளரைச் சுற்றிக்கொள்வார்கள். ரசத்தில் மிளகு கூடும். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பார்கள்.

ஆழ்வார்பேட்டையில் இது இன்னும் நன்றாகத் தெரியும். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் இருக்கும் டி.டி.கே. சாலை இந்தப் பகுதி வழியாகத்தான் செல்கிறது. மார்கழியில் கச்சேரி கேட்க வருகிற கூட்டம் ஒரே அரங்கில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். மேடையில் தம்புரா சுருதி சேர்வதற்கு முன்பே கீழே இருமல் சுருதி சேர்ந்துவிடும்! அப்போது யாராவது ஒருவர் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து நெற்றியில் தடவிக்கொள்வார். அந்த வாசனை நம் எல்லோருக்கும் தெரியும்: அமிர்தாஞ்சன்.

அந்தப் புட்டிக்கும் இந்தப் பகுதிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மயிலாப்பூர் லஸ் முனையிலிருந்து ஆழ்வார்பேட்டைப் பக்கம் செல்லும் லஸ் சர்ச் சாலையில் நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கிறது. தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் அங்கே நடைப்பயிற்சி செய்கிறார்கள். அந்த நாகேஸ்வர ராவ்தான் அமிர்தாஞ்சனை உருவாக்கியவர்!

பம்பாயில் பிறந்த தைலம்

காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1867-ல் ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். பிறகு பிழைப்புக்காகக் கல்கத்தா போய் அங்கே மருந்து வியாபாரத்தைக் கற்றுக்கொண்டார். அங்கிருந்து பம்பாய்க்குப் போனவர் 1893-ல் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தயாரித்து விற்கத் தொடங்கினார்.

புது மருந்தை யார் நம்பி வாங்குவார்கள்? ஆரம்பத்தில் அவர் இசைக் கச்சேரிகளில் தைலத்தை இலவசமாகக் கொடுத்தார் என்று சொல்வார்கள். அரை நாள் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவருக்குத் தலைவலி வருவது சகஜம்தானே! ஒரு தடவை தடவிப் பார்த்தவர் அடுத்த தடவை கடையில் கேட்டு வாங்கினார்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். மருத்துவர்கள் மிகக் குறைவு. இருந்தவர்களும் பெரிய நகரங்களில்தான் இருந்தார்கள். சளி, தலைவலி, உடம்புவலிக்கெல்லாம் டாக்டரிடம் போவது சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. அப்படியே போனாலும் சளிக்கு அவரிடமும் மருந்து கிடையாது! வீட்டிலேயே வைத்துக்கொள்ளக்கூடிய, உடனே இதம் தரக்கூடிய ஒரு பொருளுக்குப் பெரிய தேவை இருந்தது. இந்தியாவில் மட்டும் இல்லை; அமெரிக்காவில் விக்ஸ், பர்மாவிலிருந்து கிளம்பிய டைகர் பாம் எல்லாமே ஏறக்குறைய இதே காலத்தில் வளர்ந்தவைதான்.

புட்டிக்குள் என்ன இருக்கிறது?

இத்தகைய தைலங்களில் பொதுவாக இருப்பவை நான்கு பொருட்கள். முதலாவது, நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு என்று கேட்டால் கிடைக்கும் மெந்தால். இரண்டாவது கற்பூரம். மூன்றாவது யூகலிப்டஸ் எண்ணெய், அதாவது நம் நீலகிரித் தைலம். ஆஸ்திரேலியாவிலிருந்து 1843-ல் நீலகிரிக்கு வந்த மரம் அது. நான்காவது மெத்தில் சாலிசிலேட். விண்டர்கிரீன் என்ற செடியின் எண்ணெயில் இருப்பது இதுதான். அந்தச் செடியின் இந்திய வகை ஒன்றும் நீலகிரியில் வளர்கிறது.

தைலம் தடவியதும் மூக்கு திறந்துகொண்டது போல் இருக்கிறதே, அது எப்படி? இதற்கான பதில் தைலம் வந்து நூறு வருடங்களுக்குப் பிறகுதான் கிடைத்தது. நம் நரம்பு முனைகளில் குளிர்ச்சியை உணர்வதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது என்று 2002-ல் கண்டுபிடித்தார்கள். உண்மையான குளிர் பட்டாலும் சரி, மெந்தால் பட்டாலும் சரி, அந்தப் புரதம் மூளைக்கு ஒரே செய்தியைத்தான் அனுப்பும். இந்த ஆராய்ச்சியில் பங்குகொண்ட டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, மெந்தாலை முகர்ந்தால் குளிர்ந்த காற்று தாராளமாக உள்ளே போவது போல் மூளை உணர்கிறது. ஆனால் மூக்கின் அடைப்பை அளந்து பார்த்தால் அது அப்படியேதான் இருக்கிறது! வைரஸையும் தைலம் ஒன்றும் செய்வதில்லை. இதை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. இரவு தூக்கம் வராமல் புரள்பவருக்குக் கிடைக்கும் இதம் உண்மையானதுதான். இதத்தைக் குணம் என்று நினைக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. இதற்கு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது.

1918 சொன்ன பாடம்

நாகேஸ்வர ராவ் 1914-ல் சென்னைக்கு வந்துவிட்டார். நான்கு வருடம் கழித்து, முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், பம்பாய்த் துறைமுகம் வழியாக இன்ஃப்ளுயன்ஸா இந்தியாவுக்குள் நுழைந்தது. ஜூன் மாதம் லேசாகத் தொடங்கிய நோய் செப்டம்பரில் இரண்டாவது அலையாக எழுந்து நாடு முழுவதும் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு. பம்பாய் மாகாணத்தை ஒப்பிடும்போது சென்னை மாகாணத்தில் சாவு விகிதம் குறைவு என்றாலும் இங்கேயும் இழப்பு பெரியது.

அதுவும் முதலில் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, இருமல் என்றுதான் ஆரம்பித்தது. வீட்டில் எல்லோரும் செய்வதைத்தான் மக்கள் செய்திருப்பார்கள்: தைலம், கஷாயம், ஆவி. ஆனால் பலருக்கு நோய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகி உயிரைக் குடித்தது. அன்று மருத்துவமனையிலும் அதற்கு மருந்து இல்லை. மனிதர்களைத் தாக்கும் இன்ஃப்ளுயன்ஸா வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933-ல்தான். பென்சிலின் 1940களில்தான் புழக்கத்துக்கு வந்தது.

மருந்து என்ற பெயரில் எதையும் விற்கலாம் என்ற நிலையும் மெல்ல மாறியது. ராம்நாத் சோப்ரா தலைமையிலான குழு 1930-31-ல் இந்திய மருந்துச் சந்தையை ஆராய்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1940-ல் மருந்துகள் சட்டம் வந்தது. சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-ல் இன்னொரு சட்டம் வந்தது. இதம் தருகிறேன் என்பதற்கும் குணப்படுத்துகிறேன் என்பதற்கும் நடுவே சட்டமே ஒரு கோடு போட வேண்டியிருந்தது!

நனைந்தால் சளி பிடிக்குமா?

"மழையில நனையாதே, சளி பிடிக்கும்" என்று சொல்லாத அம்மா உண்டா? 1933-ல் இன்ஃப்ளுயன்ஸா வைரஸைப் பிரித்தெடுத்தவர்களில் ஒருவரான கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ் இதையும் சோதித்துப் பார்த்தார். 1946-ல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் சளியை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. ஆரோக்கியமான தொண்டர்களைக் குளிக்க வைத்து, ஈரத்தோடு காற்றில் நிறுத்தி, ஈரக் காலுறையோடு உட்கார வைத்தார்கள். ஆனாலும் அவர்களுக்குச் சளி அதிகமாகப் பிடிக்கவில்லை. சளி ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்கு வருவது. வைரஸ் இல்லாமல் வெறும் குளிரால் வருவதில்லை.

அதற்காக அம்மா சொன்னது முழுத் தவறு என்றும் முடிவு கட்ட முடியாது. 2005-ல் வேல்ஸின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 90 பேரின் பாதங்களை 20 நிமிடம் குளிர்ந்த நீரில் வைக்கச் சொன்னார்கள். அடுத்த சில நாட்களில் அவர்களில் 13 பேர் சளி பிடித்ததாகச் சொன்னார்கள். தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்த 90 பேரில் 5 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். ஏற்கெனவே உள்ளே பதுங்கியிருக்கும் வைரஸ் குளிரில் தலைதூக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

சளிக்கு ஏன் இன்னும் மருந்து இல்லை என்பதற்கும் காரணம் உண்டு. சளியை உண்டாக்கும் ரைனோவைரஸில் மட்டும் 150-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு எதிர்ப்புச் சக்தி வந்தால் மற்றொன்று காத்திருக்கிறது! அமிர்தாஞ்சன் பிறந்த 1893-ல் சளி வந்தவரும் இன்று சளி வந்தவரும் இந்த ஒரு விஷயத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள்.

தலைவலிக் காசு எங்கே போனது?

இந்தத் தைலத்தில் வந்த லாபத்தை நாகேஸ்வர ராவ் என்ன செய்தார் என்பதுதான் கதையின் சிறந்த பகுதி. 1908-ல் பம்பாயில் "ஆந்திர பத்ரிகா" என்ற தெலுங்கு வார இதழைத் தொடங்கினார். தெலுங்கு படிப்பவர்கள் அதிகம் இருந்த சென்னைக்கு அதைக் கொண்டுவந்து 1914-ல் நாளிதழாக்கினார். 1924-ல் "பாரதி" என்ற இலக்கிய மாத இதழ் வந்தது. நூல்களையும் மலிவாக வெளியிட்டார். உப்புச் சத்தியாகிரகக் காலத்தில் சிறை சென்றார். மக்கள் அவரை "தேசோத்தாரகர்" என்று அழைத்தார்கள். 1937 நவம்பரில் கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமா தலைவர்களும் சேர்ந்து செய்துகொண்ட ஸ்ரீபாக் ஒப்பந்தம் அவருடைய "ஸ்ரீபாக்" இல்லத்தில்தான் கையெழுத்தானது. அடுத்த ஆண்டு, 1938-ல், அவர் மறைந்தார்.

ஊராரின் தலைவலியில் சம்பாதித்த பணம் ஊராருக்குப் பத்திரிகையாகவும் புத்தகமாகவும் திரும்பி வந்தது!

இந்தக் குளிர்காலத்துக்கு

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள் சில:

தைலத்தை நெற்றியிலும் நெஞ்சிலும் வெளியே மட்டும் தடவ வேண்டும். உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. சுத்தமான விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் புட்டியை வையுங்கள்.

இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கற்பூரம் கலந்த தைலம் வேண்டாம். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கி நெஞ்சில் தடவும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. கற்பூரம் அதிகமாக உடலுக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

சளிக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸுக்கு எதிராக வேலை செய்யாது.

சென்னையில் இன்ஃப்ளுயன்ஸா பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடுதான் அதிகரிக்கிறது. வயதானவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மழைக்கு முன்பே தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேட்பது நல்லது. 1918-ல் யாருக்கும் கிடைக்காத வசதி இது!

காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, குழந்தை வேகவேகமாக மூச்சுவிட்டாலோ தைலத்தை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

இருமல் இருப்பவர் கச்சேரிக்கோ கல்லூரிக்கோ போகும்போது முகக்கவசம் அணிந்தால் பக்கத்து இருக்கைக்காரர் பிழைத்துக்கொள்வார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதற்குச் செலவே இல்லை.

பாட்டி நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டால் சுகமாகத் தூங்குங்கள், தவறே இல்லை. காலையில் எழுந்தும் மூச்சு வாங்குகிறது என்றால் அதற்குப் பதில் அந்தப் புட்டியில் இல்லை.