கிழக்குக் கோபுர வாயிலில் ஒரு படக்கருவி

கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வரும் நண்பர்களும் மாணவர்களும் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, பொழுதுபோக்காகப் படமெடுக்க எந்தக் கேமரா வாங்கலாம் என்பது. எதைப் படமெடுக்கப் போகிறீர்கள் என்றுதான் நாம் திருப்பிக் கேட்பது வழக்கம். தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையையோ பிச்சாவரத்துப் படகுகளையோ எடுப்பதானால் விடை எளிது. பகல் வெளிச்சத்தில் இன்று விற்கும் எந்தக் கருவியும் நன்றாகவே எடுக்கும். தில்லைக் கோபுர வாயில்களின் கரணச் சிற்பங்களை எடுக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மட்டும் பேச்சு நீண்டுவிடும். அந்த விடைக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

தெரியாதவர்களுக்காகச் சிறிது விளக்கம். பரதரின் நாட்டிய சாத்திரம் நான்காம் அதிகாரத்தில், தலபுஷ்பபுடத்தில் தொடங்கிக் கங்காவதரணத்தில் முடியும் 108 கரணங்களைச் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் சிவபெருமானே ஆடுவதாக 81 கரணங்கள் செதுக்கப்பட்டன. மீதிக்கான கற்கள் வெறுமையாக நிற்கின்றன. சிதம்பரத்தில் ஆடுபவர்கள் பெண்கள். கோபுர வாயிலின் இருபுறச் சுவர்களிலும் சிறு சிறு சதுரங்களாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். கிழக்குக் கோபுரத்தில் அந்தந்தக் கரணத்துக்கு உரிய சுலோகமும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. உரையும் மூலமும் ஒரே பக்கத்தில் அச்சிட்ட பதிப்புப் போல என்று சொல்லலாம்.

இந்த மண்ணில் கேமரா தொடக்கத்திலேயே கல்வெட்டைத் தேடிப் போனது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட கேப்டன் லினியஸ் டிரைப், 1858இல் தஞ்சை, மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளைப் படமெடுத்தார். மெழுகு பூசிய காகித எதிர்ப்படம், பெரிய மரப்பெட்டி, மாட்டு வண்டி என்ற காலம். உருப்பெருக்கம் கிடையாது, படம் எவ்வளவு பெரிதோ எதிர்ப்படமும் அவ்வளவு பெரிது. தஞ்சை விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக ஆக்கினார். கல்வெட்டைப் படிப்பதற்கென்றே எடுத்த படம் அது. சில ஆண்டுகளில் ஆளுநர் டிரெவெல்யன், அரசின் நிதிநிலைக்கு இது ஆடம்பரம் என்று கருதி அந்தப் பணியை நிறுத்திவிட்டார். கேமரா வாங்கக் காசு கேட்கும்போது நம் வீடுகளில் எழும் குரல் புதிதன்று!

சிதம்பரக் கரணங்கள் அச்சேறியது பின்னால்தான். சென்னைக் கல்வெட்டுத் துறையின் 1913-14ஆம் ஆண்டறிக்கை 93 கரணங்களின் படங்களை அவற்றின் சுலோகங்களோடு வெளியிட்டது. 1926இல் பரோடாவின் கெய்க்வாட் வரிசையில் இராமகிருஷ்ண கவி பதிப்பித்த நாட்டிய சாத்திரத்தின் முதல் தொகுதி இச்சிற்பப் படங்களைச் சேர்த்துக்கொண்டது. 1936இல் பி.வி. நாராயணசாமி நாயுடுவும் இருவரும் சேர்ந்து, நான்காம் அதிகாரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, ‘தாண்டவ லட்சணம்’ என்ற நூலைச் சிதம்பரச் சிற்பப் படங்களுடன் கொண்டுவந்தார்கள். நாட்டியம் பயில்வோரும் சிற்பம் ஆராய்வோரும் வாயிலில் கழுத்தை அண்ணாந்து நில்லாமலே கரணங்களைக் காண முடிந்தது இந்தப் பக்கங்களால்தான்.

ஒரு சிக்கலும் இங்கேயே முளைத்தது. படம் அசையாதது, ஆகவே கரணம் என்பது ஒரு நிலை என்ற எண்ணம் படத்தைப் பார்த்தவர் மனத்தில் எளிதில் படிந்தது. நூலோ கையும் காலும் சேர்ந்து இயங்குவதைப் பேசுகிறது. கரணம் ஓர் அசைவு, சிற்பி அதன் ஒரு கணத்தைத்தான் பிடித்திருக்கிறான் என்று பிற்காலத்தில் பத்மா சுப்ரமணியம் வலியுறுத்தினார். அந்தக் கணம் தொடக்கமா, நடுவா, முடிவா என்பதைச் சிற்பத்துக்குச் சிற்பம் கேட்க வேண்டியிருக்கிறது. முழங்கால் மடிந்த அளவு, குதிகால் தரையில் படிகிறதா தூக்கியிருக்கிறதா, விரல்களின் வளைவு ஆகியவைதாம் சான்று. மங்கலான படத்தில் முதலில் மறைவது இவையே. உ.வே.சா. போன்ற பதிப்பாசிரியர்கள் ஒரே ஏட்டை நம்பி நூலை அச்சிடவில்லை. பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்டார்கள். சிற்பத்துக்கும் பல படங்கள் வேண்டும், பல ஒளியில் வேண்டும்.

நம் தந்தையாரிடம் ஓர் ஆக்பா கிளிக்-3 இருந்தது. ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படம். அந்நாளில் உதகையிலிருந்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ பிலிம் கிடைத்தது. 1960இல் நிறுவி, 1967இல் உற்பத்தி தொடங்கிய அரசு நிறுவனம் அது. பன்னிரண்டே படம் என்பதால் எவரும் கரணச் சிற்பத்துக்கு ஒன்றைச் செலவழிக்கமாட்டார்கள். மொட்டை போட்ட குழந்தைக்கே போதாது. 1975இல் கோடாக்கில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கருவி பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. 2003, 2004இல் கேனன் 300டி, நிக்கான் டி70 ஆகியவை ஆறு மெகாபிக்சலோடு நடுத்தர வர்க்கத்தின் கனவுக்கு எட்டும் விலைக்கு வந்தபோதுதான், 108 கரணத்தையும் ஓர் ஆர்வலர் ஒரே காலையில் எடுக்கலாம் என்ற நிலை பிறந்தது.

2005இல் நாம் வாங்கியது அதனினும் சிறிய சட்டைப்பைக் கருவி. அதைத் தூக்கிக்கொண்டு கிழக்கு வாயிலுக்குப் போனோம். உள்ளே இருட்டு, கருவி தானாகவே பிளாஷை அடித்தது. வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் எல்லாப் பெண்களும் வெள்ளையடித்த அப்பளம் போலத் தட்டையாக இருந்தார்கள். நேர்முகமாகப் பாயும் ஒளி நிழலைக் கொன்றுவிடுகிறது. நிழல் இல்லாத புடைப்புச் சிற்பத்தில் வளைவும் இல்லை. இது தெரிய நமக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று. வாயில் கிழக்கு மேற்காக ஓடுவதால் காலை இளவெயில் சுவரை உரசிக்கொண்டு நுழைகிறது. அந்தச் சாய்ந்த ஒளிக்குக் காத்திருப்பது எந்தக் கருவியை வாங்குவதைவிடவும் பயன் தந்தது.

ஆகவே விலைப்பட்டியலில் எதைப் பார்ப்பது? மெகாபிக்சலை அன்று. அந்தப் பழைய ஆறு மெகாபிக்சல் படமே பத்து அங்குல அகலத்துக்குக் கூர்மையாக அச்சாகும். உணரியின் பரப்பையும் லென்சின் திறப்பையும் பார்க்க வேண்டும். கருவியோடு தரும் சாதாரண லென்ஸ் நீண்ட முனையில் 5.6 அளவுக்கே திறக்கும். தனியாக வாங்கும் 50 மி.மீ., 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். விலையும் அதிகமில்லை. மேல் வரிசைக் கரணங்களுக்கு 85 மி.மீ.க்குக் குறையாத லென்ஸ் வேண்டும். அகலக் கோண லென்சோடு சுவரை ஒட்டி நின்று அண்ணாந்து எடுத்தால் கால் நீண்டு, தலை சிறுத்து, மடிந்த முழங்காலின் கோணமே மாறிவிடும். சான்றைத் திருத்திய பாவம் நம்மைச் சேரும். எதிர்ச்சுவர்வரை பின்வாங்கி எடுப்பதே முறை. வருவோர் போவோர் நடுவே முக்காலியை விரிக்க இயலாது என்பதால் கை நடுக்கத்தை ஈடுசெய்யும் ஏற்பாடு உள்ள கருவி மேல். அதுவும் போதாவிட்டால் ஐஎஸ்ஓவைக் கூட்டிக்கொள்ளலாம். மணல் தூவினாற்போல் தெரியும் புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ளலாம். அசைந்து கலைந்த விரலை மீட்க வழியில்லை. இன்றைய கண்ணாடியற்ற கருவிகள் இவை எல்லாவற்றையும் தருகின்றன. ஆனாலும் ஆரம்பத்தில் பழைய எஸ்எல்ஆர் உடலை இரண்டாம் கையாக வாங்கி, மிச்சப் பணத்தை லென்சில் போடுங்கள் என்றே சொல்கிறோம்.

கடலூர்க்காரர்களுக்குத் தனியே ஒன்று. கடற்காற்றின் ஈரத்தில் லென்சுக்குள் பூஞ்சை நூல் நூலாய்ப் படரும். பீரோவில் துணிகளுக்கிடையே வைப்பது அதற்கு விருந்து வைப்பது போல. மூடி இறுகும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைக்க வேண்டும். அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்தவும் வேண்டும்.

எடுத்த படத்தைக் காப்பது அடுத்த கவலை. மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்ததால் தமிழகக் கோயில்கள் பலவற்றில் எழுத்தும் செதுக்கும் மழுங்கிவிட்டதை அறிஞர்கள் சுட்டியிருக்கிறார்கள். ஒரு திருப்பணிக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களே இழப்பை அளக்கும் கோல். கடலூருக்கு வடக்கே இருபது கிலோமீட்டரில், 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களின் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. நாமோ முதல் நான்காண்டுப் படங்களை ஒரே வன்தட்டில் வைத்து, அது ஒருநாள் சுழல மறுத்தபோது மொத்தமாய் இழந்தோம். அவற்றில் 2015ஆம் ஆண்டுக் குடமுழுக்குக்கு முந்தைய கிழக்கு வாயில் இருந்தது.

இப்போது மூன்று இடங்களில் பிரதி வைக்கிறோம். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் ஆண்டு, கோபுரம், எந்தப் பக்கச் சுவர், கீழிருந்து எத்தனையாவது சதுரம் என்று எழுதிவிடுகிறோம். கடந்த பங்குனியில் தென்சுவரின் முதல் அடுக்கு முடிந்தது. எதிர்ச்சுவர் பாக்கி இருக்கிறது.